நான் வாசிக்காத ஜெபச்சீட்டு

எங்கள் சபையில் ஜெபச்சீட்டு வாசிக்கிற வேலை என்னுடையது. சபையை நடத்துகிற உபதேசியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டதால் வேதவாசிப்பும் அறிவிப்பும் சீட்டும் என் தலையில் வந்து விழுந்தன. விழுந்தன என்று சொல்வது பொய். ஆசைப்பட்டு நானே வாங்கிக்கொண்டேன்.

அமராவதிபுதூருக்கு அப்பால் மிஷன் காம்பவுண்டுக்குள் ஓட்டுக்கூரை போட்ட சின்னக் கோயில் எங்களுடையது. வெள்ளைக்கார துரைமார் மாட்டுவண்டியை விட்டு மோட்டாரில் வரத் தொடங்கியிருந்த காலம். சுற்றுவட்டாரமே செட்டியார் வீடுகளாக எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் சபையில் பாதிப் பேர் அந்த வீடுகளுக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள். யாருக்காவது காய்ச்சல், பிரசவம், ரங்கூனுக்குக் கப்பலேறிய மகனிடமிருந்து கடிதம் இல்லை, காளை காணாமல் போய்விட்டது என்றால் ஒரு துண்டுத்தாளில் எழுதி வாசலில் இருக்கும் ஓலைப்பெட்டியில் போடுவார்கள். இரண்டாம் பாட்டு முடிந்ததும் நான் எழுந்து ஒவ்வொன்றாக வாசிப்பேன். சபை முழுவதும் முழங்காலில் நின்று அதற்காக ஜெபிக்கும். வாசிக்காத சீட்டுக்கு ஜெபம் இல்லை. அதனால் என்னைக் கண்டால் எல்லாருக்கும் ஒரு மரியாதை. அது எனக்குப் பிடித்திருந்தது.

வாரநாட்களில் நான் கண்டனூரில் இரண்டு மூன்று செட்டியார் வீடுகளுக்குப் போய் ஆச்சிமாருக்கு எழுத்தும் பின்னலும் சொல்லிக்கொடுத்து, நடுவே ஒரு வேதக்கதையைச் செருகிவிட்டு வருவேன். மிஷன் எனக்குச் சம்பளம் கொடுத்தது அந்தக் கதைக்காக. ஆச்சிமார் என்னை உள்ளே விட்டது பின்னலுக்காக. எனக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் செத்து எட்டு வருஷம். பிள்ளை கிடையாது. வாய் மட்டும் உண்டு.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு வாத்தியார் வந்தார். மெட்ராஸில் படித்து பி.ஏ. வாங்கியவர். வேதக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்தான். ஜெபத்தில் கண்ணை மூடினால் எங்கள் மூப்பர்களை விட நேரம் எடுத்துக்கொள்வார். அவருக்கு ஒரு மனைவி, ஆறு வயதில் ஒரு மகள். அந்தப் பெண்ணுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. கோயிலில் பெண்கள் பக்கம் என் பாய்க்கு முன்னால் உட்கார்ந்து, பாட்டில் அடுத்த அடி வருமுன்னே அதைச் சத்தமாகப் பாடிவிடும். நான் அதன் தோளில் தட்டுவேன். திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்.

தகராறு ஒரு கல்லில் தொடங்கியது. சுண்ணாம்புக் காளவாய்க்கு வண்டியில் வந்த கற்களில் ஒன்றைப் பிளந்தபோது உள்ளே ஒரு கிளிஞ்சல் அப்படியே கல்லாகிக் கிடந்தது. கொத்தனார்களின் மேஸ்திரி, எங்கள் சபையில் மூப்பர், அதை உபதேசியாரிடம் கொண்டுவந்தார். உபதேசியார் விரலால் தடவிப் பார்த்து, நோவா காலத்து ஜலப்பிரளயத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்றார். நாங்கள் எல்லாரும் அந்தக் கல்லைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். ஒரு வாரம் அது பலிபீடத்து மேசைமேல் இருந்தது.

பிறகு வாத்தியார் அதை வகுப்புக்கு எடுத்துப் போனார். இது ஒரு வெள்ளத்தில் வந்ததல்ல, எண்ணி முடியாத காலம் கடலடியில் கிடந்து கல்லானது, அந்தக் காலத்துப் பிராணிகள் வேறு, அவற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாறித்தான் இப்போதுள்ளவை வந்தன, மனுஷனுடைய சரீரமும் அப்படி வந்ததுதான் என்று சொல்லிக்கொடுத்தார். மேஸ்திரியின் மகன் வீட்டுக்குப் போய், நம்ம பாட்டன் குரங்காம்ப்பா என்றான். மேஸ்திரி கரண்டியும் கையுமாகவே பள்ளிக்கூடத்துக்கு வந்து, கர்த்தர் ஆறு நாளில் உலகத்தை உண்டாக்கினார் என்றுதானே வேதம் சொல்கிறது என்று பிடித்துக்கொண்டார்.

வாத்தியார் கோபப்படவில்லை. "ஆறு நாள்ங்கறது நம்ம கடிகாரத்து நாள் இல்லீக, மேஸ்திரி. அவருக்கு ஒரு நாள் ஆயிரம் வருஷம்னு வேதத்துலயே இருக்கு. நீங்க வீடு கட்டுறீக. ஒரே நாள்லயா எழும்புது? அதுக்காக அது கட்டுன வீடு இல்லைன்னு ஆயிருமா?" என்றார். மேஸ்திரிக்குப் பதில் வரவில்லை. பதில் வராத மனுஷனுக்கு வருகிற கோபம்தான் பெரிய கோபம்.

எங்கள் மிஷன் துரை வந்தபோது விவகாரத்தை அவர் முன் வைத்தோம். அவர் கொடைக்கானலுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டே, எங்கள் தேசத்துச் சபைகளிலும் இதே சண்டைதான், என் தகப்பனார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று சிரித்தார். அவர் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. நான் மட்டும் பக்கத்தில் நின்றதால், வாத்தியாரிடம் அவர் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. "அந்தப் புத்தகங்கள் என் அலமாரியிலும் உண்டு. நான் கிராமத்துக்குக் கொண்டுவருவதில்லை." பிறகு எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, சபையின் சமாதானம்தான் முக்கியம், மூப்பர்கள் பார்த்து முடிவு செய்யட்டும் என்று கைகழுவிவிட்டு மலையேறிவிட்டார்.

இது வரைக்கும் எனக்கு வாத்தியார் மேல் பகை இல்லை. குரங்கோ மண்ணோ, செத்தால் ஒரே குழிதான் என்கிற ஆள் நான். மழை ஜெபத்தன்றுதான் பகை வந்தது.

அந்த வருஷம் சித்திரை, வைகாசி இரண்டிலும் ஒரு சொட்டு இல்லை. ஊருணியில் முழங்கால் அளவு பச்சைத் தண்ணீர். சுற்றி வாந்திபேதி. உபதேசியார் மழைக்காக உபவாச ஜெபம் வைத்து, இந்தப் பேதி கர்த்தருடைய சவுக்கு என்று பேசினார். வாத்தியார் எழுந்து நின்றார். "மன்னிக்கணும் ஐயா. மழைக்கு எல்லாரும் ஜெபிப்போம், நானும் ஜெபிக்கிறேன். ஆனா பேதியைக் கர்த்தர் அனுப்பலை. அது தண்ணியில வருது. காய்ச்சிக் குடிச்சா வராது. அதுக்குன்னு ஒரு ஒழுங்கை அவர் வச்சிருக்காரு, அதை ஆளுக்குத் தக்க மாத்த மாட்டாரு. ஒரு நாள் விடாமக் காய்ச்சிக் குடிங்க."

ஒரு நாள் விடாமல் என்றார். அந்த வார்த்தை என்னைக் குத்தியது.

என் புருஷன் பேதியில் போனவர். மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார அம்மாள் தண்ணீரைக் காய்ச்சச் சொல்லியிருந்தாள், நானும் காய்ச்சினேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. ஓய்வுநாளை மீறக் கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம். அவர்கூட, ஒரு பானைத் தண்ணிக்குக் கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு என்று சொல்லிப் பார்த்தார். நான் விடவில்லை. சனிக்கிழமை காய்ச்சியது தீர்ந்துபோக, அந்த ஞாயிறு மத்தியானம் ஊருணித் தண்ணீரை நான்தான் மொண்டு கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை போய்விட்டார். கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். எட்டு வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் நடமாடினேன். இந்த மனுஷன் நாலு பேர் நடுவில் அதைப் பிடுங்கிக் கீழே போட்டார். அவருக்கு என் கதை தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார், அவ்வளவு நல்லவர். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆனி பிறந்ததும் அவர் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. விஷக்காய்ச்சல் என்று தேவகோட்டையிலிருந்து வந்த, இங்கிலீஷ் வைத்தியம் பார்க்கிற அப்போத்திக்கரி சொன்னார். கஞ்சித்தண்ணீர் மட்டும், படுக்கையை விட்டு எழக்கூடாது, மூன்று வாரம் தாண்டினால் பார்க்கலாம். இரண்டாவது ஞாயிறுக்கு முந்தின நாள் வாத்தியார் சம்சாரம் என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, நாளைக்குச் சீட்டுப் போடுறேன். மொதல்ல வாசிச்சிருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கல்லும் தெரியாது, காலமும் தெரியாது. ஜெபித்தால் பிழைக்கும் என்று நம்பினாள். எங்கள் சபையில் அப்படி ஒட்டுமொத்தமாக நம்பினவள் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலமே மூப்பர்கள் கூடினார்கள். வேதத்தை மறுதலிக்கிற வீட்டுக்குச் சபையார் ஜெபம் எப்படிச் செல்லும் என்பது கேள்வி. வாத்தியார் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் சீட்டை வாசிக்கலாம், இல்லாவிட்டால் இல்லை என்று தீர்மானித்தார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். உலகம் ஆறு நாளில் உண்டானது, வேறு விதமாகப் போதித்ததற்கு வருந்துகிறேன் என்பது முதல் வாசகம். மழையும் நோயும் சுகமும் கர்த்தருடைய கரம் நேராகச் செய்கிறவை என்பது இரண்டாவது. அதோடு போதும் என்றார்கள்.

நான் கேட்காமலே மூன்றாவதாக ஒன்றை எழுதினேன். 'என் பிள்ளைக்கு வந்த நோய் என் போதகத்தின் நிமித்தம் கர்த்தர் அனுப்பின தண்டனை என்று ஒப்புக்கொள்கிறேன்.'

வாசித்துக் காட்டியதும் மேஸ்திரியே நெளிந்தார். "இது கொஞ்சம் சாஸ்தியாத் தெரியலையா, தாயி?"

"நோயை அவருதான் அனுப்புறாருன்னு ரெண்டாவதுல எழுதியாச்சு. அப்ப இந்தப் பிள்ளைக்கு எதுக்கு அனுப்புனாருன்னு கேட்டா என்ன சொல்லுவீக?" என்றேன்.

உபதேசியார் சரி என்று தலையை ஆட்டினார். மூப்பர்கள் சேர்ந்து எழுதியது என்றே வெளியில் பேச்சு.

தாளை நானும் மேஸ்திரியும் எடுத்துக்கொண்டு போனோம். வாத்தியார் வாசலில் நின்றபடியே படித்தார். உள்ளே பெண் முனகுவது கேட்டது. அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எடுத்ததை நான் பார்த்தேன்.

"மொத ரெண்டுக்கும் போட்டுர்றேன். எனக்குச் சம்மதம் இல்லை, ஆனா என் வீட்டுக்காரி மனசுக்காகப் போடுறேன். மூணாவதை அடிச்சிருங்க."

"மூணும் சேர்ந்துதான்" என்றேன்.

"அக்கா, ஆறு வயசுப் பிள்ளையைக் காய்ச்சல்ல போட்டு வாட்டி, அதை வச்சு அப்பனுக்குப் பாடம் சொல்ற ஒருத்தரை நான் கும்பிடலை. நீங்க கும்பிடுறீகளா?"

"நான் அவரைத்தான் கும்பிடுறேன்" என்றேன். அப்போது அது உண்மை.

அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஓடிவந்து, போட்டுருங்க, ஒரு கையெழுத்துத்தானே, போட்டுருங்க என்று அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவர் அவளைத் தூக்கப் பார்த்தார். அவள் எழவில்லை. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

மறுநாள் ஓலைப்பெட்டியைத் திறந்தால் அவள் சீட்டு மேலாகவே கிடந்தது. கோணல் மாணலான எழுத்து. 'என் பிள்ளைக்காக' என்று மட்டும் எழுதி மூன்று தடவை அடிக்கோடு போட்டிருந்தாள். அதை மடித்து என் வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டு மற்ற சீட்டுகளை வாசித்தேன். ஒரு பிரசவம், ஒரு வழக்கு, சினைமாடு ஒன்று. முடித்து உட்காரப் போனபோது பின்னாலிருந்து அவள் எழுந்தாள். பிள்ளையைப் புருஷனிடம் விட்டுவிட்டு ஓட்டமாக வந்திருப்பாள் போல. முடியைக்கூட அள்ளி முடியவில்லை.

"அக்கா, என் சீட்டு விட்டுப்போச்சு."

உபதேசியார் பார்வையில்லாத கண்ணோடு என் பக்கம் திரும்பினார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

"எம்பிள்ளைக்காக எல்லாரும் ஒரு தடவை..." என்று அவள் ஆரம்பித்தாள். நான் அடுத்த பாட்டை எடுத்தேன். எனக்குக் கனத்த குரல். சபை என்னோடு சேர்ந்துகொண்டது. தப்பித்தோம் என்கிற மாதிரி எல்லாரும் வாயைப் பிளந்து பாடினார்கள். அந்தப் பாட்டுக்கு ஏழு சரணம். எப்போதும் மூன்றோடு நிறுத்திவிடுவோம். அன்று ஏழையும் பாடினேன். ஏழு சரணமும் முடிகிற வரைக்கும் அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள், உதடு மட்டும் அசைந்தது. முடிந்ததும் வெளியே போய்விட்டாள்.

புதன்கிழமை அந்தப் பெண் செத்துப்போனது.

அடக்கத்துக்கு ஒருத்தரும் தடை சொல்லவில்லை, அந்த மட்டில் எங்களுக்கு இரக்கம் இருந்தது. அடுத்த நாளே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் கொட்டியது. புது மண் உள்வாங்கி, வாத்தியார் நனைந்துகொண்டே கூடைகூடையாகச் சரளையை அள்ளிப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஸ்தோத்திர ஆராதனை. சபையின் நடுவிலிருந்த குறை நீங்கிற்று, கர்த்தர் வானத்தைத் திறந்தார் என்று உபதேசியார் பிரசங்கித்தார். பெற்றவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அதே மாதம் மேஸ்திரியின் கைக்குழந்தை ஒன்றும் இறந்தது. அதற்கு, தோட்டக்காரர் தமக்குப் பிடித்த பூவைப் பறித்துக்கொண்டார் என்று சொன்னோம்.

கண்டனூரில் பின்னல் படித்த ஆச்சி ஒருத்திக்கு எப்படியோ விஷயம் எட்டியிருந்தது. நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள். "எங்க சாமிக்குக் கோவம் வந்தா ஒரு பூசை போட்டா ஆறிப்போகும். உங்க சாமி தாள்ல கையெழுத்தாக் கேக்குது, வேதக்காரம்மா?" நான் அவள் பின்னலில் தப்புக் கண்டுபிடித்து முழுவதையும் பிரிக்க வைத்தேன்.

வாத்தியார் சம்சாரம் ஒருநாள் என்னிடம் வந்தாள். அழவில்லை. கண் வறண்டு கிடந்தது. "அவுக கையெழுத்துப் போட்டிருந்தா எம்பிள்ளை இருந்திருக்கும்ல, அக்கா?"

குடல் புண்ணாகி ரத்தம் போகிறது, இனி நம்பிக்கை இல்லை என்று அப்போத்திக்கரி அந்த ஞாயிறுக்கு முன்பே சொல்லிவிட்டுப் போனது எனக்குத் தெரியும். வண்டிவரைக்கும் அவரோடு நடந்து விசாரித்தவள் நான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "கர்த்தருக்குத்தான் தெரியும்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் புத்தி இரண்டு பக்கமும் இழுபட்டது. ஒருநாள் புருஷனைக் கொலைகாரா என்று தெருவில் நின்று திட்டுவாள். மறுநாள் வேதப்புத்தகத்தை முற்றத்தில் எறிந்து, பிள்ளைக்கறி தின்ற உனக்கு என்ன பாட்டு, என்ன ஜெபம் என்று வானத்தைப் பார்த்துக் கத்துவாள். சாப்பாடு இறங்கவில்லை. கோயில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்கினாள். அவளுக்கு இருந்த ஒரே கைத்தடி அந்த விசுவாசம்தான், அதுவும் முறிந்துகொண்டிருந்தது.

ஆவணியில் ஒரு மத்தியானம் வாத்தியார் தனியாக வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். "அந்தத் தாள் இருக்கா, அக்கா?"

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மூன்றையும் நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"இப்ப எதுக்கு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அவளுக்கு யார் மேலயாவது பழியைப் போட்டாத்தான் சோறு இறங்கும். கர்த்தர் மேல போட்டா அவளுக்கு இந்த உலகத்துல வேற ஒண்ணுமே இல்லை. என் மேல போடட்டும். நான் இல்லாட்டியும் அவ இருந்துக்கிடுவா." பேனாவைத் துடைத்தார். "இதை நான் நம்பலை. அதை மட்டும் அவகிட்டச் சொல்லிராதீக. ஞாயித்துக்கிழமை நல்லாச் சத்தமா வாசிங்க, அவளைக் கூட்டிட்டு வாரேன்."

வாசித்தேன். மூன்றாவது வாசகத்தை வாசிக்கும்போது என் குரல் தடுமாறும் என்று நினைத்தேன், தடுமாறவில்லை. அவர் ஆண்கள் பக்கம் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முடித்ததும் அவள் பாயில் கவிழ்ந்து முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். பெண்கள் அவளைத் தாங்கிக்கொண்டார்கள். நானும் ஒரு கை பிடித்தேன். அன்று அவள் சபையோடு அப்பமும் ரசமுமாக இராப்போஜனம் வாங்கினாள். மறுநாள் அண்ணன்காரன் வந்து அழைத்துப் போனான். புருஷன் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியேறினாள். வாத்தியாரைத் துரை வேறு ஊருக்கு மாற்றினார். நல்ல சான்றிதழ் ஒன்றும் கொடுத்தாராம்.

அதற்குப் பிறகு அவளை நாலைந்து தடவை மதுரையில் மிஷன் கூட்டங்களில் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். அந்த வாசகம் மூப்பர்கள் எழுதியதல்ல, நான் எழுதியது. உன் பிள்ளை பிழைக்காது என்று அப்போத்திக்கரி முன்பே சொல்லிவிட்டார். உன் புருஷன் உனக்காகத்தான் போட்டார். நாக்கு நுனி வரைக்கும் வரும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நீங்க வாசிச்சீகளே அக்கா, அதுலதான் நான் பிழைச்சேன்" என்பாள். நான் கையைக் கொடுத்துக்கொண்டு நிற்பேன். போன வருஷம் அவளும் போய்விட்டாள். கடைசி மட்டும் பாடிக்கொண்டு, ஜெபித்துக்கொண்டு, கர்த்தர் மேல் ஒரு குறையும் இல்லாமல் போனாளாம். புருஷனுக்கு ஆள் அனுப்பவா என்று கேட்டதற்கு, எம்பிள்ளையைக் கொன்னவரு எனக்கு எதுக்கு என்றாளாம். அவர் கேட்டது அதுதான். அது அவருக்குக் கிடைத்தது.